பாத்ரூம் கதவும் என் கம்ப்யூட்டர் பாடமும்

சென்ற இதழில் வற்றல் குழம்பு பற்றி எழுதும்போது, நடுவில், "அத்தையின் அறைக்குக் கம்ப்யூட்டரில் நானே பிளான் போட்டுப் பார்த்தேன்" என்று ஒரு வரி நுழைத்துவிட்டேன். வற்றல் குழம்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்த கடிதங்களெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்! "நான் பத்தாவதோடு நிறுத்தியவள், எனக்கு வருமா?" என்று ஒரு சகோதரி. "மூன்று மாதமாக முட்டி மோதுகிறேன், ஒரு சுவரைத் தொட்டால் வீடே கூட வருகிறது, என்ன பண்றது?" என்று இன்னொருவர். இந்த இரண்டாவது சகோதரிக்காகத்தான் இந்தத் தடவை எழுதுகிறேன். ஏனென்றால் அவர் சொல்கிற அதே இடத்தில் நானும் மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன். முருங்கைக் கீரை சூப் அடுத்த இதழுக்குப் போகட்டும்.

போன வருஷம் அத்தை கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோயிற்று. ஆபரேஷன் எல்லாம் நல்லபடியாக ஆயிற்று. ஆனாலும் வாக்கர் பிடித்து நாலு அடி வைப்பதோடு சரி, மற்றபடி சக்கர நாற்காலிதான். எங்கள் வீட்டில் பாத்ரூமுக்கு இரண்டு படி ஏற வேண்டும். அதனால் பின்பக்கத்துத் தாழ்வாரத்தை இடித்து, அத்தைக்கு ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு பாத்ரூமும் கட்டுவது என்று முடிவாயிற்று. இன்ஜினீயர் ஒரு பெரிய தாளில் பிளான் கொண்டு வந்து விரித்தார். கோடு கோடாக, அம்புக்குறியும் எண்களுமாக இருந்தது. நானும் இவரும் கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி பயபக்தியோடு பார்த்துவிட்டுத் தலையாட்டினோம். உண்மையைச் சொன்னால், எது ஜன்னல் எது கதவு என்றுகூட எனக்கு அப்போது தெரியவில்லை.

என் பையன்தான், "அம்மா, இதை ஸ்கெட்ச்அப்ல போட்டுப் பாரேன். நிஜ வீடு மாதிரியே சுத்திச் சுத்திப் பார்க்கலாம்" என்றான். இன்ஜினீயர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது 1982-ல் வந்த ஆட்டோகேட். அது தொழிலுக்கானது, விலையும் அதற்கேற்றபடி. ஸ்கெட்ச்அப் 2000-ல் அமெரிக்காவில் வந்தது. 2006-ல் கூகுள் வாங்கி, 2012-ல் டிரிம்பிள் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டது. இதில் இலவசமாக ஒரு வகை உண்டு. கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். இன்டர்நெட் இருந்தால் போதும், மெயில் பார்க்கிற மாதிரி உள்ளே நுழைந்து வரையலாம். நம் வீட்டுத் தேவைக்கு அது தாராளம்.

சரி, உட்கார்ந்தேன். முதல் மூன்று நாள் என் பாடு திண்டாட்டம்தான். ஒரு கோடு போடுவேன். நேராகத்தான் தெரியும். படத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் அது ஆகாயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்! 10 அடி உயரச் சுவர் வேண்டும் என்று '10' தட்டினேன். தோட்டத்துப் பாத்திக்கு வரப்பு கட்டின மாதிரி 10 அங்குலத்துக்கு ஒரு சுவர் எழும்பிற்று. கட்டில் ஒன்றை வரைந்து சுவரோரம் ஒட்டிவைத்தேன். மறுநாள் அதை நகர்த்தினால் சுவரும் தரையும் சேர்ந்து ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டு வந்தன. ஒரே ஓர் அறை போட மூன்று நாள்! நாலாம் நாள் வலது மணிக்கட்டில் வலி. தோசைக் கரண்டியைத் திருப்ப முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வரையக் கற்றுக்கொள்ளவில்லை, மவுஸைத் தேய்க்கத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று.

பையன் லீவில் வந்தபோது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "எனக்கு எல்லாம் சொல்லித் தராதே, எது எது வேகமாக ஆகுமோ அதை மட்டும் சொல்லு" என்றேன். அவன் சொன்னதில் பாதியும், நானே தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததில் பாதியுமாகச் சொல்கிறேன்.

முக்கியமானது, அளவை மவுஸால் பிடிக்கப் பார்க்காதீர்கள். திசையை மட்டும் மவுஸ் காட்டட்டும். அளவை விரல் தட்டட்டும். கோட்டை ஆரம்பித்து, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் மவுஸை லேசாக நகர்த்திவிட்டு, அளவைத் தட்டி என்டர் கொடுத்தால் போதும். கீழே மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் அந்த எண் தானாகப் போய் விழும். அந்தப் பெட்டியைக் கிளிக் பண்ணவே கூடாது. நான் ஒரு வாரம் அதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தேன்!

ஆரம்பிக்கும்போதே அடி-அங்குலக் கணக்கில் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெறும் எண் தட்டினால் அங்குலம். அடி வேண்டுமானால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி. இரண்டரை அடியை 2.6 என்று தட்டிவிடாதீர்கள். நம் வாய்க் கணக்கில் "ரெண்டு ஆறு" என்றால் 2 அடி 6 அங்குலம். கம்ப்யூட்டருக்கோ 2.6 அடி என்றால் 2 அடி 7 அங்குலத்துக்கும் மேலே. ஒரு கதவில் ஓர் அங்குலம் போனால் என்ன என்று தோன்றும். என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது எழுத்துகள். மேலேயும் பக்கத்திலேயும் இருக்கிற படங்களைத் தேடித் தேடிக் கிளிக் பண்ணுவதில்தான் நேரமும் மணிக்கட்டும் போகிறது. ஒவ்வொரு வேலைக்கும் கீபோர்டில் ஓர் எழுத்து உண்டு. கோட்டுக்கு எல், சதுரத்துக்கு ஆர், இழுத்து உயர்த்துவதற்குப் பி, நகர்த்த எம், அளந்து பார்க்க டி, அழிக்க ஈ, தேர்ந்தெடுக்க ஸ்பேஸ் பார். இந்த ஏழும் போதும். நான் ஒரு அட்டையில் எழுதி, பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். பத்தே நாளில் அட்டையைப் பார்க்காமல் வந்துவிட்டது. இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில். ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரிதான், ஒரு கை துருத்தி, ஒரு கை கட்டை.

கோடு ஆகாயத்துக்குப் போவதற்கும் மருந்து இருக்கிறது. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள் தெரியுமில்லையா? சிவப்பும் பச்சையும் தரையில் நீளம், அகலம். நீலம் உயரம். கோடு இழுக்கும்போதோ பொருளை நகர்த்தும்போதோ வலது அம்பு விசையைத் தட்டினால் சிவப்புக் கோட்டின் வழியே மட்டும்தான் போகும். இடது அம்பு பச்சை, மேல் அம்பு நீலம். தூக்கு குண்டு கட்டின மாதிரி, அப்புறம் கை நடுங்கினாலும் கோடு கோணாது.

இப்போது பாருங்கள், மூன்று நாள் ஆன அறை எப்படி மூன்று நிமிஷத்தில் வருகிறது என்று. உள்ளளவு 12-க்கு 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் தட்டி, ஓர் இடத்தில் கிளிக் பண்ணி, 12 அடி, கமா, 10 அடி, என்டர். தரை வந்துவிட்டது. எஃப் என்ற எழுத்து, ஒரு கட்டத்தைச் சுற்றி அதே மாதிரி இன்னொரு கட்டம் போடும். அதைத் தட்டி, கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்து 9 தட்டினால் சுற்றிலும் 9 அங்குலச் சுவரின் தடம் விழும். பி தட்டி அந்தத் தடத்தை மேலே இழுத்து 10 அடி, என்டர். நாலு சுவரும் ஒன்றாக எழும்பி நிற்கும். ஜன்னலுக்குச் சுவரில் ஒரு கட்டம் வரைந்து, அதே பி-யால் உள்ளே 9 அங்குலம் தள்ளினால் ஓட்டை விழுந்து வெளிச்சம் தெரியும். அடுத்த ஜன்னலுக்கு அளவைத் திரும்பத் தட்டக்கூட வேண்டாம். இரண்டு தடவை கிளிக் பண்ணினால் போன தடவை தள்ளின அளவுக்கே தள்ளிவிடும். முதல் தடவை இது வந்தபோது, அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சுவரைத் தொட்டால் வீடே கூட வருகிறது" என்ற சகோதரிக்கு இப்போது வருகிறேன். இந்த ஸ்கெட்ச்அப்பில் ஒன்றோடு ஒன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அதன் சுபாவம். ஆறாத இட்லியை ஒரே பாத்திரத்தில் அடுக்கினால் எப்படியோ அப்படி. ஆகையால் ஒவ்வொரு பொருளும் வரைந்து முடிந்த உடனே, அடுத்ததைத் தொடுவதற்கு முன்னால், அதைத் தனி மூட்டையாகக் கட்டிவிட வேண்டும். மூன்று தடவை கிளிக் பண்ணினால் அந்தப் பொருள் முழுக்கப் பிடிபடும். வலது கிளிக்கில் 'குரூப்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தது. கட்டில் ஒரு மூட்டை, பீரோ ஒரு மூட்டை, வெளிச்சுவர் ஒரு மூட்டை, நடுச்சுவர் தனி மூட்டை. வரைந்து எல்லாம் ஒட்டின பிறகு பிரிப்பது மகா கஷ்டம். சகோதரி, உங்கள் மூன்று மாதத்து வேலையைச் சரிபண்ண உட்காராதீர்கள், புதிதாகவே ஆரம்பித்துவிடுங்கள். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

ஒரே மாதிரி பொருள் நாலைந்து வேண்டுமென்றால் குரூப்புக்குப் பதில் 'காம்பொனன்ட்' என்று கட்டலாம், ஜி தட்டினால் வரும். இதில் ஒரு விசேஷம். நாலு ஜன்னலில் ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் தானாக மாறிக்கொள்ளும். நான் ஜன்னல் கம்பியை அப்படித்தான் போட்டேன். 4 அடி ஜன்னலுக்கு 4 அங்குல இடைவெளியில் 11 கம்பி. ஒன்று வரைந்து, எம் தட்டி, கன்ட்ரோல் விசையையும் தட்டினால் நகர்வதற்குப் பதில் நகல் எடுக்கும். 4 அங்குலம் தள்ளி ஒரு நகல், என்டர். உடனேயே 10 என்ற எண்ணும் எக்ஸ் எழுத்தும் சேர்த்துத் தட்டினால் வரிசையாகப் பத்து நகல்கள் வந்து நிற்கும். படி வரைகிறவர்களுக்கும் இது ரொம்ப உபயோகம்.

வேகமாகக் கற்றுக்கொள்கிறேன் என்று நான் பண்ணின ஓர் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வரைந்துவைத்த சாமான்கள் 'வேர்ஹவுஸ்' என்ற இடத்தில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொலு பொம்மைக் கடையில் நுழைந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டேன். பூந்தொட்டி, மின்விசிறி, திரைச்சீலை, இலை இலையாக ஒரு செடி! அந்தச் செடியை வைத்ததும் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. ஒவ்வொரு இலையும் அதற்கு ஒரு கணக்கு. அழகுக்கெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பீரோவுக்கு ஒரு வெறும் பெட்டி, கட்டிலுக்கு ஒரு வெறும் பெட்டி, நீள அகலம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

டேப்பை எடுத்து முதலில் எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டுதான் உட்கார வேண்டும். நடுநடுவே எழுந்து அளக்கப் போனால் வேலை ஓடாது. பழைய கட்டடமாக இருந்தால் நாலு பக்கம் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்கேயும் இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அறை சதுரமாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பழைய தாழ்வாரத்தில் 3 அங்குலம் வித்தியாசம் வந்தது. கொத்தனார் 3, 4, 5 கணக்கில் மூலை மட்டம் பார்ப்பாரே, அதே சமாசாரம்தான்.

இதையெல்லாம் பழகி முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, தினம் மத்தியானம் ஒரு மணி நேரம் வீதம். அதற்குள் பின்பக்கத்தில் அஸ்திவாரம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை சுவர் ஆரம்பம். கதவு நிலைக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்தாயிற்று. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், அத்தையின் அறையை முழுக்கப் போட்டு முடித்தேன். அறை 12 அடிக்கு 9 அடி, நடுவில் நாலரை அங்குலச் சுவர், அந்தப் பக்கம் பாத்ரூம் 5 அடிக்கு 9 அடி. எல்லாம் இன்ஜினீயரின் தாளில் இருந்தபடிதான். கட்டில் வைத்தேன், அலமாரி வைத்தேன். அப்புறம் ஏதோ தோன்றி, அத்தை உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியையே டேப் வைத்து அளந்தேன். "என்னடி, எனக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார். ஒரு பக்கத்துக் கைவளையத்திலிருந்து மறுபக்கத்துக் கைவளையம் வரை 25 அங்குலம். நீளம், கால் வைக்கிற பலகையோடு சேர்த்து 42 அங்குலம். ஒரு வெறும் பெட்டியாக வரைந்து, மூட்டை கட்டி, மெதுவாகப் பாத்ரூம் வாசலுக்கு நகர்த்தினேன்.

பெட்டி நிலைக்குள் புதைந்துகொண்டு நின்றது.

நான்தான் எங்கேயோ தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். கதவு அளவைத் திரும்பப் பார்த்தேன். இரண்டரை அடி, 30 அங்குலம், சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 30 அங்குலம் நிலையின் வெளியளவு. நிலைக் கட்டை இந்தப் பக்கம் 3, அந்தப் பக்கம் 3 போக, நடுவில் ஆள் நுழைகிற இடம் 24 அங்குலம்தான். நாற்காலி 25. ஓர் அங்குலம்! தாளில் '2 அடி 6 அங்குலம்' என்று படித்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இவ்வளவும் அத்தைக்காகக் கட்டுகிறோம், அத்தைதான் உள்ளே போக முடியாது.

நுழைந்தால் மட்டும் போதுமா, திரும்ப வேண்டாமா? சக்கர நாற்காலி சுற்றித் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். மத்திய அரசின் 2021-ஆம் வருஷத்து வழிகாட்டு நெறிமுறைகளிலும் 1,500 மில்லிமீட்டர் என்று அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கதவில் தடையில்லாத இடம் 900 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 3 அடி. தரையில் ஒரு 5 அடி வட்டம் போட்டுப் பார்த்தேன். பாத்ரூம் அகலம் 5 அடி, அதில் வாஷ்பேசின் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. மீதி மூன்றரை. வட்டம் வாஷ்பேசினுக்குள்ளேயே போய்விட்டது.

இவரிடம் சொன்னேன். "இன்ஜினீயருக்கே பாடம் எடுக்கப் போறியா? ஒரு பொம்மைப் படத்தை வெச்சுக்கிட்டு?" என்றார். எனக்கும் உள்ளூர பயம்தான். படித்தவர்கள் போட்டதில் தப்பு சொல்ல நான் யார்? ஆனால் டேப் பொய் சொல்லாதே! அத்தையின் நாற்காலியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு எங்கள் பழைய பாத்ரூம் வாசலுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். அதுவும் இரண்டரை அடி நிலைதான். வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் இன்ஜினீயருக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நாள்தான் கையில். தப்பைச் சொன்னால் போதாது, எப்படி மாற்றுவது என்றும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் முன்னால் என்றால் அந்த ஒரு நாளில் ஒரு சுவர்கூட மாற்றியிருக்க மாட்டேன். இப்போது, முழு அறையையும் பிடித்து 20 அடி தள்ளி ஒரு நகல், இன்னும் 20 அடி தள்ளி இன்னொன்று, இப்படி நாலு நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றில் ஒவ்வொரு விதமாக மாற்றிப் பார்த்தேன். (இது மட்டும் ஜாக்கிரதை. காம்பொனன்டாக இருந்தால் ஒன்றை மாற்ற எல்லாம் மாறிவிடும். நகலில் வலது கிளிக் பண்ணி 'மேக் யூனிக்' என்று கொடுத்துத் தனியாக்கிக்கொள்ள வேண்டும்.) ஒன்றில் வாஷ்பேசினை மூலைக்குத் தள்ளினேன், குழாயடிக்கும் பக்கெட்டுக்கும் இடம் போயிற்று. ஒன்றில் கதவை வேறு பக்கம் வைத்தேன், கட்டில் இடித்தது. மூன்றாவதில் கம்மோடை இடம் மாற்றினால் கழிவுக் குழாயையே தோண்டி மாற்ற வேண்டும், அது ஆகாது. நாலாவதில் நடுச்சுவரை மட்டும் அறைப் பக்கம் ஒன்றரை அடி தள்ளினேன். எம், அம்பு விசை, 18, என்டர். அவ்வளவுதான் வேலை. பாத்ரூம் ஆறரை அடி அகலமாயிற்று. வாஷ்பேசின் போக 5 அடி, வட்டம் கச்சிதமாக உட்கார்ந்தது. அறை பத்தரை அடியாகக் குறைந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கதவு நிலையை மூன்றரை அடியாக்கினால் உள்ளே சுத்தமாக 36 அங்குலம்.

இன்ஜினீயர் சாயங்காலம் வந்தார். சின்ன வயசுப் பையன்தான். "எல்லா வீட்டுக்கும் பாத்ரூமுக்கு ரெண்டரை அடிதான் மேடம் போடறோம்" என்றார். "எல்லா வீட்டிலும் சக்கர நாற்காலி இல்லையே தம்பி" என்றேன். திரையில் அந்தப் பெட்டியை வாசலுக்கு நகர்த்திக் காட்டினேன். தானே மவுஸை வாங்கி இரண்டு தடவை நகர்த்திப் பார்த்தார். அந்த வட்டம் என்ன என்று கேட்டார், சொன்னேன். நடுச்சுவர் பாரம் தாங்குகிற சுவர் இல்லை, இன்னும் எழும்பவும் இல்லை, தள்ளிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டு, பென்சிலால் தாளில் குறித்துக்கொண்டார். "கதவு உள்ளே திறந்தா நாற்காலிக்கு இடிக்கும், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வெச்சிடறேன் மேடம்" என்று அவரே ஒன்று சேர்த்தும் சொன்னார். அது எனக்குத் தோன்றவே இல்லை! ஆசாரி நல்ல வேளையாக மரத்தை அறுத்திருக்கவில்லை. அறுத்திருந்தால் அந்தப் பணம் போயிருக்கும்.

கம்மோட் உயரத்தையும் அப்போதே பேசிக்கொண்டோம். அதுவும் நாற்காலியின் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருந்தால் நகர்ந்து உட்கார லேசு. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் இதையும் அளந்துகொள்ளுங்கள்.

இனி உடம்பு சமாசாரம், இந்தப் பத்தியில் அதை விட முடியாது. மணிக்கட்டு வலிக்கு நான் பண்ணினது இவ்வளவுதான். சாப்பாட்டு மேஜை எனக்கு உயரம், அதில் கம்ப்யூட்டரை வைத்தபோது முழங்கை தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஒரு மணை போட்டு உட்கார்ந்து, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி செய்துகொண்டேன், காலுக்குக் கீழே இன்னொரு மணை. எழுத்து விசைகள் பழகப் பழக மவுஸை இழுப்பது பாதியாகக் குறைந்தது, வலியும் போயிற்று. உங்களுக்கு விரல் மரத்துப்போவது, ராத்திரியில் ஊசி குத்துவது மாதிரி இருந்தால் கை வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணுக்கு, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். நான் எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணியைப் பார்ப்பேன். நாற்பது தாண்டி வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். புத்தகம் படிக்கிற தூரம் வேறு, திரையின் தூரம் வேறு. கண்ணாடி மாற்றும்போது கம்ப்யூட்டர் பார்ப்பேன் என்று சொல்லி வாங்குங்கள். சொல்லாமல் வாங்கிவிட்டு, கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துப் பிடரி வலி வந்தவள் நான்.

அறை முடிந்து அத்தை குடிபோய் இரண்டு மாதம் ஆகிறது. முதல் நாள் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், சுற்றித் திரும்பி வெளியே வந்தார். "கதவு என்னடி, கல்யாண மண்டபத்துக்கு வெச்ச மாதிரி இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

இப்போது வாசலில் சரிவுப்பாதை போட வேண்டும். வீட்டுத் தரை ஒன்றரை அடி உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில் 18 அடி வேண்டும், வாசலில் இருப்பதோ 12 அடி. ஒன்பது அடி போய், நடுவில் நாற்காலி நின்று திரும்ப ஒரு சமதளம் விட்டு, மறுபடியும் ஒன்பது அடி என்று மடக்கிப் போட்டிருக்கிறேன். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் அந்தச் சமதளம் துளசி மாடத்தின் மேலேயே வந்து உட்காருகிறது. "மாடத்தை ஒரு அடி நகர்த்திக்கலாமா அத்தை?" என்று திரையில் காட்டிக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அதை ஏன் நகர்த்தணும்? இங்கேர்ந்து இப்படி வளைச்சுப் போடேன்" என்று திரையிலேயே விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மாடத்தை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அத்தை சொன்ன மாதிரி வளைத்து ஐந்தாவது நகல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.